எபேசஸ் இடிபாடுகளைப் பார்ப்பது எப்படி? மேல் வாசலில் தொடங்குங்கள்

விசா, விமான டிக்கெட் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். துருக்கியின் இஸ்மிரில் இறங்கிய பிறகு, எபேசஸ் என்ற பழைய கிரேக்கத் துறைமுக நகரத்தைக் கால் நோகாமல் சுற்றிப் பார்ப்பது எப்படி என்று மட்டும் எழுதுகிறேன். தமிழ் பைபிளில் ‘எபேசு’ என்று வருவது இதே ஊர்தான்.

படி 1: செல்சுக்

இஸ்மிர் விமான நிலையத்தை ஒட்டியே ரயில் நிலையம் இருக்கிறது. டெனிஸ்லி ரயிலில் சுமார் 1 மணி நேரத்தில், இடிபாடுகளுக்குப் பக்கத்து ஊரான செல்சுக். முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். ஒரே நாளில் கூட்டிப்போய்க் கூட்டிவரும் பேருந்துச் சுற்றுலா எனக்குப் பிடிக்காது. சரியாகக் கூட்டம் நெரியும் நேரத்தில் கொண்டுபோய் விடுவார்கள்.

படி 2: எந்த வாசல்?

நான் கோட்டைவிட்டது இங்கேதான். நகரம் ஒரு சரிவில் கிடக்கிறது. மலைப் பக்கம் மேல் வாசல், பழைய துறைமுகப் பக்கம் கீழ் வாசல். செல்சுக் பேருந்து நிலையத்திலிருந்து போகும் டோல்முஷ் (ஷேர் ஆட்டோ மாதிரி, ஆனால் வேன்) கீழ் வாசலில் இறக்கிவிடும். நானும் இறங்கினேன், நடந்தேன். ஜூலை மாத நடுப்பகல், ஏற்றம், மருந்துக்குக்கூட நிழல் இல்லை, பளிங்குக் கல் வேறு வெயிலை முகத்திலேயே திருப்பி அடிக்கிறது. மேல் வாசலை எட்டும்போது தண்ணீர் பாட்டில் காலி. திரும்பும் டோல்முஷ்ஷோ கீழே! அதே வழியில் மறுபடி இறங்கினேன்.

எனவே காலையில் டாக்ஸி பிடித்து, வாடகையை ஏறும் முன்பே பேசி, மேல் வாசலில் இறங்குங்கள். நடை முழுக்க இறக்கம். கீழே வெளியே வந்ததும் டோல்முஷ்.

படி 3: இறங்கும் வழி

ரப்பர் அடிப்பாகம் உள்ள ஷூ போடுங்கள். நூற்றாண்டுக் கணக்கில் மிதிபட்ட பளிங்கு, காய்ந்திருந்தாலே வழுக்கும். குரேத்தெஸ் தெருவில் இறங்க இறங்க, செல்சுஸ் நூலகத்தின் முகப்பு எதிரே வளர்ந்துகொண்டே வரும். 2ஆம் நூற்றாண்டில் அப்பா செல்சுஸுக்காக மகன் கட்டியது. அப்பாவின் சமாதியும் அதற்குள்ளேயே. சரிந்து கிடந்த முகப்பை 1970களில் ஆஸ்திரிய ஆய்வாளர்கள் எடுத்து நிறுத்தினார்கள். கிழக்கு பார்த்தது, ஆகவே படம் எடுக்கக் காலை வெயில்தான்.

சரிவில் படிப்படியாகக் கட்டிய அக்காலப் பணக்காரர் வீடுகளான ‘அடுக்கு வீடுகளுக்கு’த் தனி டிக்கெட் என்று பலர் தவிர்க்கிறார்கள். தவிர்க்காதீர்கள். சுவர் ஓவியம், மொசைக் தரை எல்லாம் அங்கேதான். மேலே கூரை வேறு போட்டிருக்கிறார்கள். அந்த நிழலுக்கே காசு கொடுக்கலாம்.

படி 4: கடல் எங்கே?

சுமார் 25,000 பேர் அமரக்கூடிய அரங்கத்தில் எவ்வளவு உயரம் விடுகிறார்களோ அவ்வளவு ஏறுங்கள். எதிரே அரை கிலோமீட்டருக்கு நேர்க்கோடாக ஒரு தெரு ஓடி, நாணலும் சேறுமான இடத்தில் முடியும். துறைமுகம் இருந்த இடம் அது. இன்று குச்சுக் மெண்டெரெஸ் எனப்படும் ஆறு வண்டலைக் கொட்டிக்கொண்டே இருந்தது. தூர்வாரித் தூர்வாரியும் தாக்குப்பிடிக்க முடியவில்லை. கடல் இப்போது 5 கிலோமீட்டருக்கும் அப்பால். இவ்வளவு பெரிய ஊரை ஏன் விட்டுப் போனார்கள் என்று கீழே நின்று யோசித்தபோது எனக்குப் பிடிபடவில்லை. மேலிருந்து பார்த்ததும் புரிந்தது.

படி 5: ஆர்ட்டெமிஸ் கோயில்

உலக அதிசயம் ஏழில் ஒன்று என்று நம்பிப் போனால் ஏமாற்றம். துண்டுகளை அடுக்கி நிறுத்திய ஒற்றைத் தூண், உச்சியில் நாரைக் கூடு. பத்து நிமிடம் போதும். பைபிளில் ‘தியானாள்’ என்று வரும் அந்தத் தேவியின் சிலைகள் செல்சுக் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுப் போன ஒருவர், டாக்ஸி கிடைக்காமல் கீழ் வாசலுக்கே போயிருக்கிறார். “மேல் வாசலுக்கு இலவசமாகக் கொண்டுபோய் விடுகிறேன்” என்ற காரில் ஏறியவர், வழியில் தோல் ஜாக்கெட் கடையில் அரை மணி நேரம் உட்கார வேண்டியதாயிற்று. ஜூலையில்! இலவசம் என்றால் ஏறாதீர்கள்.

கடலில் கால் நனைக்காமல் திரும்ப மனமில்லை என்றால், செல்சுக்கிலிருந்து குஷாதாசி போகும் டோல்முஷ்ஷில் ஏறி, வழியில் பமுஜாக் கடற்கரையில் இறங்கிக்கொள்ளலாம்.