மார்ச்சில் மூடிய கதவு ஜூலையில் திறக்காது: பட்டறை அலமாரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரங்கூனில் வீட்டோடு சின்னதாக மரப் பட்டறை வைத்திருப்பவர்கள் கருவிகளுக்கு அலமாரி செய்ய உட்காருவது பெரும்பாலும் மார்ச் மாதத்தில்தான். மழை இல்லை, பலகை காய்ந்திருக்கிறது, பர்மியப் புத்தாண்டான திஞ்சான் விடுமுறையும் பக்கத்தில் வந்துவிட்டது. நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். ஒன்றரை அடி அகலத்தில் இரண்டு தேக்குக் கதவுகள். இரண்டுக்கும் நடுவே ஒரு தாள் மட்டும் நுழையும். பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். ஜூலையில் ஒரு நாள் உளி எடுக்கப் போனால் கதவு அசையவில்லை. கீலின் ஆணியைத் தட்டி எடுத்துத்தான் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே உளிகள் எல்லாம் செம்மண் பூசியது போல இருந்தன.

அந்த ஒரு அலமாரியிலேயே அநேகமாக எல்லாத் தவறுகளையும் செய்து முடித்திருந்தேன். முதல் தவறு, அந்த அளவுகளை எங்கிருந்து எடுத்தேன் என்பது. இணையத்தில் வரும் வீடியோக்களில் பாதிக்கு மேல் குளிர்நாட்டு கராஜில் எடுத்தவை. நம் ஊர்க் கணக்கு வேறு. இங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஒவ்வொரு மாதமும் 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். மரம் இந்த இரண்டு காலத்துக்கும் நடுவே மூச்சு விடுகிறது. நீளவாக்கில் மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. அகலவாக்கில்தான் உப்பும், சுருங்கும். தேக்கு இந்த விஷயத்தில் சாதுவான மரம். அப்படியிருந்தும் ஒன்றரை அடி அகலப் பலகையின் ஈரப்பதம் நாலு சதவீதம் கூடினால் ஏறக்குறைய ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, அகலமாகிவிடும். எனக்கு இரண்டு கதவு, அதனால் இரண்டு நூல். இடைவெளியோ ஒரு தாள்.

இதற்கு வழி பழைய ஆசாரிகளுக்கு எப்போதும் தெரிந்ததுதான். அகலமான பலகையைக் கதவாக மாட்டாதீர்கள். இரண்டு அங்குலச் சட்டத்தில் காடி (நீளப் பள்ளம்) வெட்டி, நடுப்பலகையை அந்தக் காடிக்குள் பசை போடாமல் நிறுத்துங்கள். பலகை சட்டத்துக்குள்ளேயே உப்பிச் சுருங்கிக்கொள்ளும். கதவின் வெளி அளவு மாறாது. நடுப்பலகையையும் சேர்த்து ஒட்டிவிட்டால், மழையில் சட்டத்தின் மூலை பிளக்கும் அல்லது வெயிலில் பலகை பிளக்கும். கோடையில் பொருத்துகிறீர்கள் என்றால் கதவுகளுக்கு நடுவே ஒரு நூல் விடுங்கள். மழைக்காலத்தில் பொருத்தினால் நெருக்கமாக வைக்கலாம், கோடை தானாக இடம் விடும்.

இதெல்லாம் தலைவலி என்றால் பிளைவுட். அது ஆடாது. ஆனால் வெட்டிய விளிம்பை அப்படியே விடுவது பெரிய தவறு. தண்ணீர் குடிப்பது அந்த விளிம்பு வழியாகத்தான். மேலே இரண்டு கை வார்னிஷ் அடித்து மினுமினுக்க வைப்பார்கள், கீழ் விளிம்பை மறந்துவிடுவார்கள். அழுத்திய தூள்பலகை பக்கம் போகவே வேண்டாம். ஒரு மழைக்காலம் போதும், டீயில் நனைத்த பிஸ்கட் ஆகிவிடும்.

பழைய வீடு இடித்த மரம் நம் ஊரில் கிடைக்கிறது. நல்ல மரம், நன்றாகப் பக்குவப்பட்டது. ஆனால் உள்ளே ஒடிந்த ஆணி இருக்கும். ஒரு காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டிப் பார்க்காமல் இழைப்புளியை வைக்காதீர்கள். அப்புறம், தேக்கையும் பியின்கடோவையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. ஒரு கன அடி தேக்கு 40 பவுண்டு அளவில் இருக்கும், பியின்கடோ 60 பவுண்டை ஒட்டி வரும். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போட்ட மரம் அது. அதைச் சுவரில் தொங்கும் அலமாரிக்குப் போட்டால் அலமாரியைத் தூக்கவே நாலு பேர் வேண்டும். அடிச்சட்டத்துக்கும் காலுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். துளை போடாமல் திருகாணி ஏற்றினால் தலை முறிந்து கையில் வரும். தேக்கில் வேறு வம்பு. அதன் எண்ணெய்ப் பசை ஒட்டுப்பசையைப் பிடிக்க விடாது. ஒட்டும் இடத்தைப் புதிதாக இழைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்த உடனே ஒட்டுங்கள். நேற்று இழைத்து வைத்ததை இன்றைக்கு ஒட்டினால் பிடிப்பு குறைந்துவிடும்.

கரையான் பற்றி ரங்கூன்காரருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் அலமாரியைத் தரையோடும் சுவரோடும் ஒட்டித்தான் வைக்கிறோம். "தேக்குதானே, கரையான் தொடாது" என்ற நம்பிக்கை. தொடாதது வைரம், அதாவது மரத்தின் உள்பாகம், மட்டும். ஓரத்தில் வெளுப்பாகத் தெரியும் வெளிறு கரையானுக்குச் சோறு. நாலு அல்லது ஐந்து அங்குலம் கால் வைத்து, சுவரிலிருந்து ஓர் அங்குலம் தள்ளி நிறுத்துங்கள். கால் வைத்தால் கரையான் வராது என்று நான் சொல்லவில்லை. வரும்போது மண் பாதை கட்டிக்கொண்டுதான் வரும், அது உங்கள் கண்ணில் படும். அவ்வளவுதான். தெருத் தண்ணீர் உள்ளே வருகிற தரைத்தளம் என்றால் காலை இன்னும் உயர்த்தலாம். எப்படியும் கீழ் டிராயரில் மோட்டார் உள்ள மெஷின் எதையும் வைக்க வேண்டாம்.

துருவுக்கு வருகிறேன். மூடி வைத்தால் காய்ந்திருக்கும் என்பது தப்புக் கணக்கு. மழைக்காலத்தில் மூடும்போது ஈரக்காற்றையும் சேர்த்துத்தான் மூடுகிறோம். நான் அதற்கு மேலேயும் போனேன். சாணை பிடித்த ஈரக் கல்லை உளி இருக்கும் அதே தட்டில் வைத்தேன். கல்லுக்கு வெளியே தனி இடம் கொடுங்கள். உளியைத் தோல் உறையிலோ செய்தித்தாளிலோ சுற்றி வைப்பதும் வேண்டாம், இரண்டும் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். நல்லெண்ணெய் தடவும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது நாளடைவில் பிசுபிசுத்து மரத்தூளை எல்லாம் ஒட்டவைத்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் போதும். ஒரு துணியில் தொட்டு, வேலை முடிந்ததும் ஒரு முறை துடைத்துவிட்டு வையுங்கள். வியர்த்த கை பட்ட இடத்தில் உப்பு இருக்கிறது, துரு அங்கேதான் ஆரம்பிக்கும். அலமாரிக்குள் சின்ன பல்பு எரியவிடும் யோசனையும் நல்லதுதான், கரண்ட் இருந்தால்.

சுவரில் மாட்டுவதில் ஒரே ஒரு விஷயம். பின்பக்கம் அடிக்கிற நாலு மில்லிமீட்டர் பலகை வழியாகத் திருகாணி போட்டு மாட்டாதீர்கள். எட்டுக்கு நாலு அடி அளவில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒன்றே 30 கிலோவைத் தொடும். அதில் செய்த பெட்டிக்குள் இரும்பு இழைப்புளிகளையும் வைத்தால் எடை எங்கேயோ போய்விடும். அவ்வளவையும் அந்த மெல்லிய பலகையின் ஆணிகள் தாங்காது. மேல்பக்கம் உள்ளே ஒரு தடித்த சட்டம் ஒட்டி, அதன் வழியாக மாட்டுங்கள். அல்லது ஒரு சட்டத்தை 45 டிகிரியில் சாய்வாக நீளவாக்கில் அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறுபாதியை அலமாரி முதுகிலும் வைத்துக் கொக்கி போல மாட்டலாம். எடுத்து வேறு இடத்தில் மாட்டவும் வசதி.

தட்டின் நீளத்தில் பலர் ஏமாறுவார்கள். இரண்டடித் தட்டு தாங்குகிற அதே பாரத்தை நாலடித் தட்டில் பரப்பி வைத்தால் தொய்வு இரண்டு மடங்கு ஆகும் என்று நினைப்போம். எட்டு மடங்கு ஆகும். பலகையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் தொய்வு எட்டில் ஒரு பங்காகக் குறையும். ஆகவே நீளத் தட்டு வேண்டுமென்றால் நடுவில் ஒரு தாங்கு, அல்லது முன் விளிம்பில் ஓர் அங்குலப் பட்டையைச் செங்குத்தாக ஒட்டுவது. நான் இரண்டாவதைத்தான் செய்வேன், பார்க்கவும் லட்சணமாக இருக்கும்.

டிராயர்கள். எல்லாரும் ஆழமாகச் செய்வோம், நிறைய வைக்கலாம் என்று. தான்லியின் என்ற ஊர்ப் பக்கம் வேலை செய்யும் ஒரு ஆசாரி என் டிராயரைத் திறந்து பார்த்தார். "இது டிராயரா, கிணறா தம்பி?" என்றார். "ஏன் அண்ணே?" என்றேன். கையை உள்ளே விட்டு, மேலே கிடந்த பத்துச் சாமானை நகர்த்தி, அடியிலிருந்து ஒரு மூலைமட்டத்தை எடுத்துக் காட்டினார். அதை நான் ஆறு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். உளி, அளவுகோல், மட்டம் எல்லாவற்றுக்கும் உள்ளே இரண்டு அங்குல ஆழம் போதும். ஆழமான டிராயர் ஒன்றே ஒன்று, அடியில், கனமான சாமானுக்கு. பந்துச் சறுக்கி (பால் பேரிங் ஸ்லைடு) போடுவதானால் டிராயரின் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் சரியாக விட வேண்டும். கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் ஓடாது. டிராயரைச் செய்துவிட்டுச் சறுக்கி வாங்கப் போகாதீர்கள், சறுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு அளவெடுங்கள். எனக்கு இந்த ஈரத்தில் சறுக்கியின் பந்துகள் மேலும் நம்பிக்கை இல்லை. மரப் பட்டை மேல் மெழுகுவர்த்தி தேய்த்து ஓட்டுகிறேன்.

ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே குழி வெட்டி வைப்பதும் ஒரு மோகம். படம் எடுக்க நன்றாக இருக்கும். அடுத்த மாதம் ஒரு புது உளி வாங்கினால் அதற்கு வீடு இல்லை. மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுங்கள்.

இன்னொன்று. ஜூலையில் கதவு சிக்கிக்கொண்டால் அப்போதே இழைப்புளியை எடுத்து ஓரத்தைச் சீவிவிடத் தோன்றும். சீவாதீர்கள், அது பிப்ரவரியில் சுருங்கும். நான் ஆத்திரத்தில் ஒவ்வொரு கதவிலும் இரண்டு நூல் சீவினேன். இப்போது கோடை வந்தால் அந்த இடைவெளி வழியாக ஒரு பல்லி உள்ளே போய் வருகிறது.