சாய்தளக் கணக்கு: எண்ணைக் கடைசியில் போடுங்கள்

பி.எஸ்சி. முதலாண்டுப் பிள்ளைகள் என்னிடம் கொண்டுவரும் நோட்டில் முதல் வரியிலேயே 9.8 (புவியீர்ப்பு முடுக்கம், அதாவது ‘ஜி’யின் மதிப்பு) வந்து உட்கார்ந்திருக்கும். அடித்துவிட்டுப் படம் போடச் சொல்வேன்.

ஒரு கணக்கு: 30 டிகிரி சாய்தளத்தில் 2 கிலோ கட்டை கீழே சறுக்குகிறது. இயக்க உராய்வுக் குணகம் 0.2. முடுக்கம் என்ன?

கட்டையைப் புள்ளியாக வைத்து, அதன்மேல் செயல்படும் விசைகளை மட்டும் அம்புகளாக வரையுங்கள். எடை நேர்கீழாக, தளம் தரும் செங்குத்து விசை தளத்துக்குச் செங்கோணத்தில் வெளியே, உராய்வு தளத்தின் வழியே மேல்நோக்கி. மூன்றே மூன்றுதான். ‘சறுக்கு விசை’ என்று நாலாவதாக ஒன்றைச் சேர்க்கப் பலருக்குக் கை துறுதுறுக்கும். அது எடையின் ஒரு கூறு, தனி விசை இல்லை.

அச்சுகளையும் தளத்தோடு சாய்த்துவிடுங்கள், பாதி வேலை மிச்சம். தளத்துக்குக் குறுக்கே முடுக்கம் இல்லை; ஆகவே செங்குத்து விசை = எடை × காஸ் தீட்டா (தீட்டா என்பது தளத்தின் சாய்கோணம்). உராய்வு = மியூ × செங்குத்து விசை (மியூ என்பது உராய்வுக் குணகம்). தளத்தின் வழியே நியூட்டனின் இரண்டாம் விதியை (விசை = நிறை × முடுக்கம்) எழுதினால்,

முடுக்கம் = ஜி × (சைன் தீட்டா − மியூ × காஸ் தீட்டா)

நிறை அடிபட்டுப்போயிற்று, பார்த்தீர்களா? அந்த 2 கிலோ சும்மா கொடுத்தது. சரி, இப்போது எண்ணைப் போடலாம்: 9.8 × (0.5 − 0.173) = 3.2 மீ/வி².

அப்புறம் சரிபார்ப்பு. கோணத்தை 90 ஆக்கினால் விடை ஜி ஆக வேண்டும், ஆகிறது. குணகம் 0.577-ஐத் தாண்டினால், அதாவது டேன் 30-ஐத் தாண்டினால், விடை எதிர்க்குறியாகும்: கட்டை வேகம் குறைந்து நிற்கப்போகிறது. அலகு எழுதாதவர்களுக்கு நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.