கீமோ நாட்களில் வாயைப் பேணுவது எப்படி

வேகமாகப் பெருகும் உயிரணுக்களைத் தாக்குவதே புற்றுநோய்க்குத் தரப்படும் பெரும்பாலான கீமோ மருந்துகளின் வேலை என்பதால், ஓரிரு வாரங்களில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வாயின் உட்சவ்வும் அவற்றுக்குத் தப்புவதில்லை. மருந்து ஏற்றிய 5 முதல் 10 நாட்களுக்குள் கன்னத்தின் உட்புறமும் நாக்கின் ஓரமும் சிவந்து எரியத் தொடங்கலாம், பிறகு புண்ணாகலாம். ஏறக்குறைய அதே நாட்களில் இரத்தத்தில் கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்களும் குறைந்திருக்கும் என்பதால், அந்தப் புண் கிருமிகள் உள்ளே நுழையும் வாசலாகிவிடக்கூடும்.

ஆகவே, கீமோ தொடங்கும் முன்பே பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பிடுங்க வேண்டிய பல் இருந்தால், காயம் ஆறுவதற்கு 10 முதல் 14 நாட்களாவது தேவை.

அன்றாடப் பராமரிப்பில் முதன்மையானது வாய் கொப்பளிப்பதுதான். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கரைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறை சாப்பிட்ட பிறகும் படுக்கும் முன்பும் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஆப்ப மாவில் சேர்க்கும் சோடாதான் அது. கேக் செய்ய வாங்கிய பேக்கிங் பவுடர் வேறு பொருள், அதைப் பயன்படுத்தக் கூடாது. நீரை நாள்தோறும் புதிதாகத் தயாரிக்கவும். கடையில் கிடைக்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வாயை மேலும் உலர்த்தி எரியவைக்கும் என்பதால், அது வேண்டாம். பல் துலக்க மிக மென்மையான பிரஷ் போதும். வேப்பங்குச்சி ஈறைக் கீறிவிடும், இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்திருந்தால் இரத்தம் எளிதில் நிற்காது. செயற்கைப் பல்செட்டை இரவில் கழற்றி வைக்கவும்.

ஃபுளூரோயுரேசில் என்ற கீமோ மருந்தை இரத்தக் குழாயில் ஒரே தடவையாகச் செலுத்துவதாக இருந்தால், அதற்கு 5 நிமிடம் முன்பிருந்து அரை மணி நேரம் ஐஸ் துண்டுகளை வாயில் வைத்திருப்பது புண்ணைக் குறைக்கும். ஆனால் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற இன்னொரு கீமோ மருந்தைப் பெறுபவர்களுக்குக் குளிர்ச்சியே தொல்லை தரும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் இதைச் செய்யக் கூடாது.

புண் இருக்கும் நாட்களில் ரசமும் ஊறுகாயும் முறுக்கும் ஆகாது. ஆறிய கஞ்சி, குழைய வடித்த பருப்புச் சோறு, பாலில் ஊறவைத்த இட்லி ஆகியவை இறங்கும். ஒன்றும் இறங்கவில்லையென்றால் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம். வலி தெரியாமல் வாயை மரத்துப்போகச் செய்ய, சாப்பிடும் முன் தடவும் ஜெல்லை மருத்துவர் எழுதித் தருவார்.

நாக்கில் தயிர்த் திட்டுப்போல வெண்படலம் தோன்றினால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். உடல் வெப்பம் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டாலோ, தண்ணீரும் விழுங்க முடியாமல் போனாலோ, பாராசிட்டமால் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.