பழைய டிவிடிக்கு ஏன் இவ்வளவு விலை? வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இருபது ஆண்டுக்கு முன் வந்த ஒரு டிவிடி, வெளியானபோது இருந்ததைவிட நான்கைந்து மடங்கு விலையில் இன்றும் நிற்கும். அதே நிறுவனம் அதே ஆண்டில் கொண்டுவந்த இன்னொரு டிவிடியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆள் இருக்காது. படம் நல்ல படமா, வட்டு எவ்வளவு பழையது என்பதை வைத்து இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள முடியாது. விலை பல ஆண்டு இறங்காமல் இருக்க இரண்டு நிலைமைகள் சேர வேண்டும். அந்த வட்டை மறுபடி அச்சடிக்க வழி இருக்கக்கூடாது. அதில் உள்ளது வேறெந்த வட்டிலும் கிடைக்கக்கூடாது. இரண்டில் ஒன்று விலகினாலும் விலை சரியும். இதைச் சரிபார்க்காமல் "அரிய பதிப்பு" என்று விற்பவர் எழுதியதை நம்பும்போதுதான் பெரும்பாலும் பணம் போகிறது.

கேட்கும் விலையைச் சந்தை விலையாக எண்ணுவது

டிஸ்னியின் பழைய விஎச்எஸ் கேசட்டுகள் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம். முதுகில் கறுப்பு வைரச் சின்னம் போட்டவற்றை ஆயிரக்கணக்கான டாலருக்குப் பட்டியலிட்டிருப்பதாகச் செய்திகள் திரும்பத் திரும்பச் சுற்றுகின்றன. விற்று முடிந்தவற்றைப் பார்த்தால் அதே கேசட்டுகள் சில டாலருக்குக் கைமாறியிருக்கும். கோடிக்கணக்கில் அச்சான பொருளுக்கு அவ்வளவுதான் மதிப்பு. பட்டியலில் யாரும் எந்த எண்ணையும் போடலாம்.

சில சமயம் அந்த எண்ணை மனிதர் போடுவதே இல்லை. 2011இல் அமேசானில் ஈக்களைப் பற்றிய ஓர் உயிரியல் புத்தகம் 2 கோடியே 30 லட்சம் டாலரைத் தாண்டியது. இரண்டு விற்பனையாளர்களின் விலை நிர்ணய நிரல்கள் ஒன்றையொன்று பார்த்து விலை வைத்துக்கொண்டிருந்ததே காரணம். ஒன்று மற்றதன் விலையை 0.9983 ஆல் பெருக்கியது, மற்றது 1.27 மடங்காக்கியது. இரண்டு மூன்று பேர் மட்டுமே விற்கும் பழைய வட்டுகளின் விலையும் இப்படி ஏறிக்கொண்டே போவது உண்டு.

எனவே ஈபே போன்ற தளங்களில் "விற்றவை" என்ற வடிகட்டியைப் போட்டுப் பாருங்கள். கடந்த 90 நாள் விற்பனை தெரியும். பட்டைக்குறி எண் ஒன்றாக உள்ள பதிப்புகளை மட்டும் எடுங்கள். அனுப்பும் செலவைச் சேர்த்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் விட்டுவிட்டு நடுவில் நிற்கும் விலையைக் கொள்ளுங்கள். விலைக்கு மேல் கோடு அடித்திருந்தால் பேரம் பேசிக் குறைவாக விற்றது என்று பொருள், அந்த எண்ணை நம்ப வேண்டாம். 90 நாளில் ஒன்றுகூட விற்கவில்லை என்றால் அரிது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த விலைக்கு ஆள் இல்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

உரிமையைப் பாராமல் "எப்படியும் மறுபடி வரும்" என்று காத்திருப்பது

இந்த விஷயத்தின் மையம் உரிமைதான். வட்டு வெளியிடும் நிறுவனங்களில் பல, படத்தின் சொந்தக்காரர்கள் அல்ல. சில ஆண்டுகளுக்கு உரிமம் பெற்று அச்சிடுகிறார்கள். காலம் முடிந்ததும் மிச்சச் சரக்கை விற்க ஒரு குறுகிய அவகாசம் கிடைக்கும். அதன்பின் எவ்வளவு தேவை இருந்தாலும் ஒரு பிரதிகூட அச்சிட முடியாது. 2010இல் பிரெஞ்சுப் பட நிறுவனமான ஸ்டூடியோகனாலிடமிருந்து பெற்ற பல படங்களின் உரிமத்தை, வட்டு வெளியிடும் அமெரிக்க நிறுவனமான க்ரைட்டீரியன் இழந்தபோது, அந்தப் படங்களின் டிவிடிகளும் ப்ளூரேக்களும் ஒரே வீச்சில் அச்சிலிருந்து போயின. வட்டில் எந்தக் குறையும் இல்லை, வாங்க ஆளும் இருந்தார்கள். ஆனாலும் வரத்து நின்றது.

வேறு சில வெளியீடுகள் தொடக்கத்திலேயே குறைந்த எண்ணிக்கையில்தான் வரும். 2011இல் தொடங்கி 2020இல் மூடப்பட்ட ட்வைலைட் டைம் என்ற வெளியீட்டு நிறுவனம், தன் படங்களில் பெரும்பாலானவற்றை 3,000 பிரதிகள் மட்டுமே அச்சிட்டது. அவற்றின் சிறப்பு, வசனமும் ஒலிகளும் இல்லாமல் பின்னணி இசையை மட்டும் தனியாகக் கேட்க உதவும் ஒலித்தடம். அந்தப் படத்தை வேறொரு நிறுவனம் பின்னர் நல்ல தரத்தில் கொண்டுவந்தாலும் இசைத்தடம் அதில் இடம்பெறாவிட்டால், இசை விரும்பிகளிடம் பழைய வட்டுக்குத் தேவை குறையாது.

தொலைக்காட்சித் தொடர்களில் சிக்கல் பாடல்களில் இருக்கிறது. 1970களிலும் 80களிலும் தொடருக்குள் ஒலித்த பிரபல பாடல்களுக்கு ஒளிபரப்பு உரிமை மட்டுமே வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு வட்டாக விற்கும் காலம் வரும் என்று யாரும் ஒப்பந்தத்தில் எழுதவில்லை. ஒரு பருவத்தில் நூறு பாடல் துண்டுகள் இருந்தால் நூறு இடத்தில் பேசி அனுமதி வாங்க வேண்டும். "டபிள்யூகேஆர்பி இன் சின்சினாட்டி" ஒரு வானொலி நிலையத்தைப் பற்றிய தொடர். 2007இல் அதன் முதல் பருவ டிவிடி வந்தபோது பல பாடல்களுக்குப் பதில் வேறு இசை இருந்தது. பெரும்பாலான பாடல்களோடு தொடர் வெளிவர 2014 ஆயிற்று. எனவே ஒரு தொடரின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவே விலை இடைவெளி பெரிதாக இருந்தால் முதலில் இசையைச் சரிபாருங்கள்.

காத்திருக்கலாமா என்று முடிவு செய்ய, அந்த உரிமை இப்போது யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பதே சிறந்த வழி. உரிமை ஒரு பெரிய ஸ்டூடியோவிடம் முழுதாக இருந்து, தடை வெறும் அக்கறையின்மை என்றால் மறுவெளியீடு ஒருநாள் வரும். "த அபிஸ்" படத்துக்கு 2000இல் வந்த டிவிடியோடு ரசிகர்கள் 2024 வரை காலம் தள்ளினார்கள். அகலத்திரைக்கு ஏற்ப விரித்துப் பதியாத அந்த டிவிடியின் படம், இன்றைய தொலைக்காட்சியில் நான்கு பக்கமும் கறுப்புச் சட்டத்துடன் சிறிதாகத் தெரியும். அதற்காக 2023இல் பெரிய தொகை கொடுத்தவர்களுக்கு, அடுத்த ஆண்டு வந்த 4கே வட்டு வேதனையாகத்தான் இருந்திருக்கும். உரிமை பல வாரிசுகளிடமும், மூடிய நிறுவனங்களிடமும், இசை உரிமையாளர்களிடமும் சிதறிக் கிடக்கும் படத்துக்கு இப்படி எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு நியாயமான விலையில் ஒரு பிரதி கண்ணில் பட்டால் எடுத்துவிடுவதே நல்லது.

புதிய பதிப்பு வந்ததும் பழையதைத் தள்ளுவது

மறுவெளியீடு பழையதன் விலையைக் குறைப்பது, உள்ளடக்கம் ஒன்றாக இருந்தால் மட்டுமே. இத்தாலிய இயக்குநர் பசோலினியின் "சாலோ" படத்தை க்ரைட்டீரியன் 1998இல் டிவிடியாக வெளியிட்டுச் சீக்கிரமே நிறுத்தியது. அதன்பின் பல ஆண்டு, சேகரிப்போர் பெரிய தொகை கொடுத்துத் தேடிய வட்டாக அது இருந்தது. 2008இல் அதே நிறுவனம் மேம்பட்ட பதிப்பைக் கொண்டுவந்ததும், படம் பார்க்க விரும்புவோருக்குப் பழையதைத் தேடும் தேவை போய்விட்டது.

மறுபக்கம் "ஸ்டார் வார்ஸ்". முதல் மூன்று படங்களும் திரையரங்கில் வந்த வடிவிலேயே டிவிடியில் கிடைத்தது 2006ஆம் ஆண்டின் குறுகிய கால வெளியீட்டில், கூடுதல் வட்டாக. அதுவும் டிவிடிக்கு முன் இருந்த பெரிய பட வட்டான லேசர்டிஸ்க்குக்காக 1993இல் செய்த மூலத்திலிருந்து எடுத்தது. படத்தரம் சுமார்தான். இருந்தும் பின்னால் வந்த ப்ளூரேக்கள் அதன் இடத்தைப் பிடிக்கவில்லை. அவற்றில் இருப்பது திருத்திய வடிவம்.

பதிப்புகளை ஒப்பிடும்போது ஓடும் நேரம், திரை விகிதம், மூல ஒலித்தடம் உண்டா அல்லது பின்னாளில் புதிதாகக் கலந்த ஒலி மட்டுமா, இயக்குநர் உரை, வண்ணச் சீரமைப்பு, துணைத்தலைப்பு ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். ஓடும் நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஐரோப்பா போன்ற இடங்களின் தொலைக்காட்சி முறையான பால் (PAL) முறை டிவிடிகளில் நொடிக்கு 24 சட்டகங்கள் கொண்ட படத்தை 25 ஆக ஓட்டுவதால் வேகம் 4 சதவீதம் கூடும். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடியும். இதைப் பார்த்து "வெட்டிய பதிப்பு" என்று ஒதுக்குவதும், அமெரிக்க முறையான என்டிஎஸ்சி (NTSC) வட்டை "நீண்ட பதிப்பு" என்று கூடுதல் விலைக்கு வாங்குவதும் அடிக்கடி நடக்கின்றன.

மண்டலக் குறியை மறப்பது

வட்டு எந்த நாடுகளில் விற்கப்படுகிறது என்பதைக் காட்டுவது மண்டலக் குறி, வேறு மண்டலத்து ப்ளேயரில் அந்த வட்டு பொதுவாக ஓடாது. டிவிடிக்கு 1 முதல் 6 வரை மண்டலங்கள். ப்ளூரேவுக்கு ஏ, பி, சி. 4கே அல்ட்ரா எச்டி வட்டுக்கு மண்டலமே கிடையாது. ஒரு மண்டலத்தில் அச்சிலிருந்து போய் விலை ஏறிய படம், இன்னொரு மண்டலத்தில் சாதாரண விலைக்குக் கிடைப்பது சகஜம். உரிமம் நாட்டுக்கு நாடு தனியாக விற்கப்படுவதுதான் காரணம். விலை ஏறிய வட்டுகள் நான்கைந்து வாங்கும் பணத்துக்கு எல்லா மண்டலமும் ஓட்டும் ப்ளேயர் ஒன்றை வாங்கிவிடலாம். வாங்குமுன் கவனியுங்கள். "எல்லா மண்டல டிவிடியும் ஓடும்" என்பதற்கும் "எல்லா மண்டல ப்ளூரேவும் ஓடும்" என்பதற்கும் தொடர்பில்லை, இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். பால் முறையின் 50 ஹெர்ட்ஸில் பதிந்த காட்சிகளை ஏற்காத ப்ளேயர்களும் உண்டு. அவற்றில் படம் ஓடும், கூடுதல் காட்சிகள் ஓடாது.

கள்ளப் பிரதிக்கு அசல் விலை கொடுப்பது

விலை உயர்ந்த வட்டைத்தான் போலி செய்வார்கள். அடிப்பக்கம் ஊதா சாயலாக இருந்தால் அது எழுதும் வட்டில் பதிந்தது. ஆலையில் அச்சான டிவிடி வெள்ளி நிறமாகவோ, இரட்டை அடுக்கானால் இளம் பொன் சாயலாகவோ இருக்கும். அதேசமயம் வார்னர் நிறுவனத்தின் பழைய படங்களை வெளியிடும் வார்னர் ஆர்க்கைவ் 2009இல் தொடங்கியபோது கேட்போருக்கு மட்டும் எழுதும் வட்டிலேயே பதிந்து விற்றது. ஆகவே ஊதா நிறம் என்பதாலேயே போலி என்று சொல்லிவிட முடியாது, வெளியீட்டாளர் யாரென்றும் பாருங்கள்.

நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் ஐஎஃப்பிஐ என்ற எழுத்துகளோடு ஆலைக் குறி இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். 1994இல் வந்த முறை இது. கணினியில் போட்டு அளவையும் பாருங்கள். இரட்டை அடுக்கு அசலில் 7 ஜிபிக்கு மேல் இருக்கும் படம் 4.3 ஜிபிக்குள் அடங்கியிருந்தால், சுருக்கிப் பதிந்த பிரதி. வெளியீட்டாளர் ஒரே மண்டலத்துக்கு விற்ற படத்தின் உறையில் "எல்லா மண்டலமும்" என்று அச்சாகியிருந்தாலும் விலகிவிடுங்கள். வாங்குமுன் உறையின் படம் போதாது, வட்டின் இரு பக்கப் படமும் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

முதல் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்துத் திருப்தி அடைவது

டிவிடி உள்வட்டத்திலிருந்து வெளிநோக்கிப் படிக்கப்படுகிறது. கீறலும் அரிப்பும் கைபட்ட கறையும் விளிம்பில்தான் அதிகம். இரட்டை அடுக்குப் படத்தில் முதல் அடுக்கு விளிம்பில் முடிய, இரண்டாவது அங்கிருந்து உள்நோக்கித் திரும்பும். எனவே கெட்ட வட்டு ஒரு மணி நேரம் அருமையாக ஓடிவிட்டுப் படத்தின் நடுவில் உறையும். திருப்பி அனுப்பும் காலம் முடிவதற்குள் ஒவ்வொரு வட்டையும் கடைசிவரை ஓட்டுங்கள். பத்து வட்டுப் பெட்டி என்றால் கணினியில் முழு வட்டையும் ஒரு கோப்பாகப் படிக்கவைப்பது விரைவான வழி. படிப்புப் பிழை எங்கே வருகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கீறலைத் தேய்த்துச் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கை டிவிடிக்கு ஓரளவு பொருந்தும். அதன் தகவல் அடுக்கு மேற்பரப்பிலிருந்து 0.6 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது. ப்ளூரேவில் அது 0.1 மில்லிமீட்டர்தான், மேலே கடினப் பூச்சும் உண்டு. அதைத் தேய்த்தால் பூச்சு போகும், வட்டும் போகும். ஆழக் கீறிய ப்ளூரேவை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

உள் அடுக்கு அரித்துப்போனால் கீறலே இல்லாத வட்டும் கெடும். 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் பிரதர்ஸ் டிவிடிகள் சிலவற்றில் குறை இருப்பதை அந்நிறுவனமே 2025இல் ஒப்புக்கொண்டு, மாற்றித் தரவும் முன்வந்தது. அந்த ஆண்டுகளின் பெட்டித் தொகுப்புகளைச் சீல் பிரிக்காமல் வாங்கி அடுக்கிவைப்பது அபாயம். பிரித்து ஓட்டிப் பார்த்தால்தான் உள்ளே என்ன கிடைத்தது என்று தெரியும். லேசர்டிஸ்க்கில் இந்த அரிப்பு படத்தின் மேல் வண்ணப் புள்ளிகளாகத் தெறிக்கும். விஎச்எஸ் கேசட்டில் சுருளின் ஓரத்தில் வெள்ளைத் தூள் தெரிந்தால் அது பூஞ்சை. ப்ளேயரில் போட்டால் அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும்.

சீலுக்காகக் கூடுதல் கொடுப்பது

2022இல் "பேக் டு த ஃப்யூச்சர்" படத்தின் சீல் பிரிக்காத விஎச்எஸ் ஒன்று 75,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் படத்தில் நடித்தவரின் சொந்தப் பிரதி அது. அதை வைத்து மற்றக் கேசட்டுகளுக்கு விலை சொல்வதில் பொருளில்லை. சீலாக இருக்கும் பிளாஸ்டிக் சுருங்கு உறையை மறுபடி போடும் கருவி மலிவு. மேல் விளிம்பின் பாதுகாப்பு ஒட்டு இல்லாத டிவிடியும், கேசட் உறையில் ஸ்டூடியோ சின்னம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பிளாஸ்டிக்கும் சந்தேகத்துக்குரியவை. படம் பார்க்க வாங்குபவருக்கு, நன்கு பராமரித்து ஓட்டிச் சோதித்த பிரதியே மேல்.

வாங்கும் நேரமும் முக்கியம். உரிமம் முடியப்போகிறது என்று வெளியீட்டாளர் அறிவித்தபின் மிச்சச் சரக்கு பழைய விலையில், பல சமயம் தள்ளுபடியிலும் கிடைக்கும். விலை எகிறுவது சரக்கு தீர்ந்த முதல் சில வாரங்களில். அப்போது பதறி வாங்காமல் சில மாதம் பொறுத்தால், லாபத்துக்காக இரண்டு மூன்று பிரதி வாங்கிவைத்தவர்கள் விற்கத் தொடங்குவார்கள். அதற்குப் பிறகு நிலைக்கும் விலையே அந்த வட்டின் உண்மையான விலை.