பிட் மாற்றும்போது கேஸை அடியிலேயே பூட்டி வைப்பது எப்படி

எண்ணெய், எரிவாயுக் கிணறு துளையிடும்போது உள்ளே பம்ப் செய்யும் சேற்றின் எடைதான் பாறையிலுள்ள கேஸை அடக்கி வைக்கும். சில பாறைகள் அந்தச் சேற்றின் எடையைச் சற்றுக் கூட்டினால் விரிசல் வழியே அதைக் குடித்துவிடும், குறைத்தால் கேஸை மேலே அனுப்பும். எடை குறைந்த சேற்றோடு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தித் துளையிட்டு விடலாம், பிட் (பாறையைக் குடையும் முனை) மாற்றப் பைப்பை மேலே உருவும்போதுதான் வினையே. ஒவ்வொரு முறையும் கனமான சேற்றை இறக்கிக் கிணற்றை அடக்கினால் அதுவும் விரிசலுக்குள்தான் போகும்.

அதற்குத்தான் கேஸிங்கோடு (கிணற்றுச் சுவரைத் தாங்கும் எஃகுக் குழாய்) சேர்த்து இறக்கும் டவுன்ஹோல் வால்வ். பிட் அதற்கு மேலே வந்ததும் மூடினால் கேஸ் கீழேயே நிற்கும். உள்ளே கீல் வைத்த மடல் ஒன்று, திறக்கவும் மூடவும் கேஸிங்கின் வெளிப்பக்கமாக மேலே வரும் இரண்டு ஹைட்ராலிக் லைன்கள், அவ்வளவுதான்.

எந்த ஆழத்தில் வைப்பது என்பதை முதலில் கணக்குப் போடுங்கள். 5 அங்குலப் பைப்பின் குறுக்குப்பரப்பு சுமார் 19.6 சதுர அங்குலம், கிணற்றில் 1,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டு) அழுத்தம் இருந்தால் 19,600 பவுண்டு விசை அதை மேலே தள்ளும். அடிக்கு 19.5 பவுண்டு எடையுள்ள பைப் ஆயிரம் அடிக்கு மேல் உள்ளே இருந்தால்தான் ஈடுகட்டும், அதுவும் மிதப்பைக் கணக்கில் சேர்க்காமல். பைப்புகளை இணைக்கும் 6 5/8 அங்குல ஜாயின்ட், மேலே பைப்பைச் சுற்றி அடைத்திருக்கும் சீலைக் கடக்கும் நொடியில் பரப்பு 34.5 ஆகிவிடும், ஆகவே ஜாயின்ட்டை வைத்தே கணக்கிடுங்கள். வால்வ் இதைவிட ஆழத்தில் இல்லையென்றால் பிட் வால்வுக்கு வருமுன்பே பைப் எகிறும்.

உருவும் முன் கிணற்றில் சேற்றை நன்றாகச் சுற்றவிட்டுத் துகள்களை வெளியேற்றுங்கள். மடலுக்கு அடியில் ஒரு கல் சிக்கினாலும் போச்சு. பிட் வால்வுக்கு மேலே வந்ததைப் பைப் டேலியில் (பைப் நீளங்களின் கணக்கு) சரிபார்த்து மூடுங்கள், எதிர் லைனில் திரும்பும் எண்ணெயை அளந்து பாருங்கள், குறைந்தால் முழுதாக மூடவில்லை. அப்புறம் மேலுள்ள அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கி, ஒவ்வொரு படியிலும் சோக்கை (வெளியேறும் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வ்) மூடிக் கேஜைப் பாருங்கள். சேற்றில் தங்கிய கேஸ் பிரிவதால் முள் கொஞ்சம் ஏறி நிற்பது வேறு, நிற்காமல் ஏறினால் கசிவு. இந்தப் படியில் அவசரப்படுகிறவரை என்னைக் கேட்டால் ரிக் தளத்திலிருந்தே இறக்கிவிடலாம்.

மறுபடி இறக்கும்போது பிட்டை வால்வுக்குச் சற்று மேலே நிறுத்தி, மேலே சீல் செய்து, மெல்ல பம்ப் அடித்து இருபக்க அழுத்தத்தையும் சமப்படுத்திய பிறகே திறக்க வேண்டும். மூடும்போது எழுதி வைத்த பழைய எண்ணை நம்பாதீர்கள், இடையில் மடலுக்குக் கீழே கேஸ் சேர்ந்திருக்கும்.

இந்த வால்வ் இருக்கிறதே என்று பிஓபியில் (கிணற்றின் மேல்வாயை அடைக்கும் பாதுகாப்புக் கருவி) அசட்டையாக இருக்காதீர்கள். மடல் கீழிருந்து வரும் அழுத்தத்தைத்தான் தாங்கும், பைப் அதன் ஊடாகப் போய்க்கொண்டிருக்கும்போது மூடவே முடியாது. துளையிடும் நேரத்தில் கிக் (பாறையிலிருந்து கேஸ் கிணற்றுக்குள் பாய்வது) வந்தால் பிஓபிதான்.