கம்ப்யூட் மாட்யூல் 4: இஎம்எம்சியில் ஓஎஸ் ஏற்றுவது எப்படி?

ராஸ்பெரி பை கம்ப்யூட் மாட்யூல் 4 (சுருக்கமாக சிஎம்4; வேறொரு போர்டில் பொருத்தி ஓட்டும் சின்னக் கணினி) கைக்கு வந்ததும் முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். சிஎம்4-க்கு அடுத்த ஆறு இலக்கங்களில் முதலாவது வைஃபை (1 என்றால் உண்டு), அடுத்த இரண்டும் ராம், கடைசி மூன்றும் இஎம்எம்சி (மாட்யூலிலேயே பதித்த சேமிப்பு சிப்). 104032 என்றால் வைஃபையோடு 4 ஜிபி ராம், 32 ஜிபி இஎம்எம்சி. கடைசியில் 000 இருந்தால் அது லைட் ரகம். எஸ்டி கார்டிலேயே ஓடும், கீழே உள்ள வேலை எதுவும் வேண்டாம். இஎம்எம்சி உள்ள மாட்யூலில் எஸ்டி ஸ்லாட் வேலை செய்யாது. ஸ்லாட் பழுது என்று போர்டைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

ப்ராசஸர் பிராட்காமின் பிசிஎம்2711: நான்கு கார்டெக்ஸ்-ஏ72 கோர், 1.5 கிகாஹெர்ட்ஸ். சென்சார் வேலைக்கும் சின்ன வெப் சர்வருக்கும் இது தாராளம். ஏஇஎஸ் முறையில் என்கிரிப்ஷன் (தகவலை ரகசியமாக்குவது) நிறைய நடக்குமென்றால் மட்டும் 2024-இல் வந்த சிஎம்5 பக்கம் போங்கள். ஏஇஎஸ்ஸுக்கான தனிக் கட்டளைகள் 2711-இல் இல்லை.

தேவை: சிஎம்4 ஐஓ போர்டு (மாட்யூலைப் பொருத்தும் தாய்ப்பலகை), 12 வோல்ட் அடாப்டர், மைக்ரோ யுஎஸ்பி கேபிள், ஒரு ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் குட்டி மூடி), ஒரு கணினி.

1. கரண்ட் இல்லாதபோது மாட்யூலைப் பொருத்துங்கள். அடியிலுள்ள இரண்டு 100 பின் கனெக்டர்களும் நேராக அமர்ந்தபின், இரு பக்கமும் சமமாக அழுத்துங்கள். சாய்த்து அழுத்தினால் பின் வளையும்.

2. ஐஓ போர்டில் ஜே2 என்று குறித்த இடத்தில், இஎம்எம்சியிலிருந்து பூட் ஆவதை முடக்கும் பின்கள் இரண்டிலும் ஜம்பரை மாட்டுங்கள்.

3. கணினியில் ஆர்பிஐபூட்டை (rpiboot, இஎம்எம்சியைக் கணினிக்குக் காட்டும் மென்பொருள்) நிறுவி ஓடவிடுங்கள். மைக்ரோ யுஎஸ்பி கேபிளைச் செருகி, பிறகு 12 வோல்ட் கொடுங்கள். சில நொடிகளில் இஎம்எம்சி ஒரு பென்டிரைவ் போலத் தெரியும். ஆர்பிஐபூட் காத்துக்கொண்டே இருந்தால், முதலில் கேபிளைச் சந்தேகப்படுங்கள்: சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது. விண்டோஸ் ஃபார்மேட் செய்யச் சொன்னால் கேன்சல் கொடுங்கள்.

4. ராஸ்பெரி பை இமேஜரில் ஓஎஸ்ஸையும் அந்த டிரைவையும் தேர்ந்தெடுத்து எழுதுங்கள். யூசர் பெயர், பாஸ்வேர்டு, எஸ்எஸ்எச் (வேறு கணினியிலிருந்து நுழையும் வசதி) எல்லாம் அங்கேயே அமைத்துவிடலாம். டிரைவின் அளவை ஒருமுறை சரிபாருங்கள். தப்பான டிரைவில் எழுதினால் அதிலிருந்தது போயிற்று.

5. கரண்டை நிறுத்தி, ஜம்பரையும் மைக்ரோ யுஎஸ்பி கேபிளையும் கழற்றிவிட்டு மறுபடி கொடுங்கள். ஜம்பர் அப்படியே இருந்தால் பூட் ஆகாது. கேபிள் இருந்தால் கீபோர்டு, மவுஸ் வேலை செய்யாது.

கேபிளைக் கழற்றியும் கீபோர்டு வரவில்லையா? ராஸ்பெரி பை ஓஎஸ் அல்லாத சிஸ்டங்களில் இது சகஜம். மின்சாரம் மிச்சமாகட்டும் என்று சிஎம்4-இல் யுஎஸ்பி முடக்கியே வருகிறது. பூட் பார்ட்டிஷனில் உள்ள கான்ஃபிக் கோப்பில் (config.txt) ஓடிஜி மோடை 1 ஆக்கி (otg_mode=1) ரீபூட் செய்யுங்கள்.