இங்கிலாந்து சட்டப்படி எது திருட்டு? ஒரு கல்லாப்பெட்டி கேஸை வச்சு ஸ்டெப் பை ஸ்டெப்பா பாக்கலாம்

கிரிமினல் லா புதுசா படிக்கிறவங்க தெஃப்ட் கேள்வி வந்தா எடுத்த எடுப்புலயே "இவன் செஞ்சது அநியாயம்"னு எழுத ஆரம்பிச்சிடுறாங்க, மார்க் போறதே அங்கதான். 1968 தெஃப்ட் ஆக்ட் முதல் செக்‌ஷன் அஞ்சு விஷயம் கேக்குது: ஒரு சொத்து, அது அடுத்தவங்களோடது, அதை தன்னோடதாக்கிக்கிறது, திரும்ப அவங்களுக்குப் போகக்கூடாதுங்கிற எண்ணம், நேர்மையின்மை. இதுல ஒண்ணு குறைஞ்சாலும் திருட்டு இல்ல. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும்தான் இது, ஸ்காட்லாந்து சட்டம் தனி.

இப்படி ஒரு கேள்வி வச்சுக்கலாம். லண்டன்ல ஒரு கடை, கல்லால நிக்கிற பையன் முதலாளிக்குத் தெரியாம 50 பவுண்டு எடுத்துக்கிறான், வெள்ளிக்கிழமை சம்பளம் வந்ததும் வச்சிடலாம்னு உண்மையாவே நினைக்கிறான். இது திருட்டா?

ஸ்டெப் 1, சொத்தா? காசு சொத்துதான், பேங்க் பேலன்ஸும் சொத்துதான். ஆனா வெறும் தகவல் சொத்து இல்ல. ஆக்ஸ்ஃபோர்ட் எதிர் மாஸ் கேஸ்ல லிவர்பூல் யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட் ஒருத்தர் பரீட்சைக்கு முன்னாடியே கொஸ்டின் பேப்பரை எடுத்து படிச்சுட்டு திரும்ப வச்சிடலாம்னு இருந்தார், அதுல இருந்த ரகசியத் தகவலைத் திருடினார்னு கேஸ் போட்டாங்க, நிக்கல. கரண்ட்டும் இதுல வராது, அதுக்கு செக்‌ஷன் 13ன்னு தனிக் குற்றம் இருக்கு.

ஸ்டெப் 2, அடுத்தவங்களோடதா? இங்க ஓனர்ஷிப் மட்டும் பாக்காதீங்க, பொருள் யார் கையில, யார் கட்டுப்பாட்டுல இருக்குன்னும் பாக்கணும். 1971ல டர்னர்னு ஒருத்தர் ரிப்பேருக்கு விட்ட தன்னோட சொந்தக் காரையே காசு கொடுக்காம ஸ்பேர் சாவி போட்டு எடுத்துட்டுப் போய் திருட்டுக் கேஸ்ல மாட்டினார். நம்ம பையன் விஷயத்துல ஒரு வரி போதும், காசு முதலாளியோடது.

ஸ்டெப் 3, அப்ரோப்ரியேஷன். ஓனருக்கு இருக்கிற உரிமையை தான் எடுத்துக்கிறது, செக்‌ஷன் 3. மாரிஸ் கேஸ்ல (சூப்பர் மார்க்கெட்ல விலை ஸ்டிக்கரை மாத்தி ஒட்டின கேஸ்) எல்லா உரிமையும் வேணாம், ஏதாவது ஒரு உரிமையை எடுத்துக்கிட்டாலே போதும்னு சொல்லிட்டாங்க. ஓனர் சம்மதிச்சா? லாரன்ஸ் கேஸ்ல இங்கிலீஷ் சரியா தெரியாத இத்தாலிய மாணவர் பர்ஸைத் திறந்து காட்ட, டாக்ஸி டிரைவர் நியாயமான கூலிக்கு மேல 6 பவுண்டு எடுத்துக்கிட்டார், சம்மதம் இருந்தாலும் திருட்டுதான்னு தீர்ப்பு. அதை 1993ல கோமஸ் கேஸ் உறுதி பண்ணுச்சு. 2000ல ஹிங்க்ஸ் கேஸ்ல இன்னும் ஒருபடி மேல போய், சிவில் சட்டப்படி செல்லுபடியாகிற கிஃப்ட்டை வாங்கிக்கிறது கூட அப்ரோப்ரியேஷன்னு பெரும்பான்மை லார்டுகள் (அப்ப உச்ச கோர்ட்டா இருந்த ஹவுஸ் ஆஃப் லார்ட்ஸ் ஜட்ஜுங்க) சொன்னாங்க, லார்ட் ஹாப்ஹவுஸ் ஒத்துக்கல, எனக்கு அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிற மாதிரி படுது. ஏன்னா சொத்து சட்டப்படி உன்னோடதுன்னு ஒரு கோர்ட் சொல்ல, அதையே வாங்கினதுக்கு இன்னொரு கோர்ட் ஜெயிலுக்கு அனுப்பலாம்னா ஜனங்க எதை நம்பி நடந்துக்கிறது? இதோட விளைவு என்னன்னா கையால செஞ்சது கிட்டத்தட்ட எதுவா இருந்தாலும் இந்த ஸ்டெப்பைத் தாண்டிடும், மொத்த பாரமும் மனசுல என்ன இருந்ததுங்கிற மேல வந்து விழும். அதனால அடுத்த ரெண்டு ஸ்டெப்புக்கு நேரம் ஒதுக்குங்க.

ஸ்டெப் 4, நிரந்தரமா இழக்க வைக்கிற எண்ணம். "திருப்பி வைக்கத்தானே போறான்"னு இங்க நிறைய பேர் பையனை விட்டுடுவாங்க. வெலுமில் கேஸ் (1989) பாருங்க, கம்பெனி சேஃப்ல இருந்து 1,050 பவுண்டு எடுத்தவர் நண்பர் கடனைத் தந்ததும் வச்சிடுவேன்னு சொன்னார், கோர்ட் கேக்கல, ஏன்னா வரப்போறது வேற நோட்டு, எடுத்த அதே நோட்டு இல்ல. பையனுக்கும் இதே கதி. ஆனா ஒரு காரை எடுத்து ஒரு ரவுண்டு ஓட்டிட்டு விட்டுட்டா இந்த எண்ணம் இருக்காது, அதுக்காகவே ஓனர் சம்மதமில்லாம வண்டி எடுக்கிறது தனிக் குற்றம்னு செக்‌ஷன் 12 வந்தது.

ஸ்டெப் 5, நேர்மையின்மை. நேர்மையின்மையை எப்படி அளக்கணும்னு சொன்ன ஐவி கேஸுக்கு நேரா தாவாதீங்க, முதல்ல செக்‌ஷன் 2. எடுக்க சட்டப்படி உரிமை இருக்குன்னோ, விஷயம் தெரிஞ்சா ஓனர் சம்மதிப்பார்னோ, ஓனரை நியாயமா தேடினாலும் கண்டுபிடிக்க முடியாதுன்னோ உண்மையா நம்பியிருந்தா அது நேர்மையின்மை இல்ல, அங்கயே கேஸ் முடிஞ்சது. இது மூணும் இல்லன்னாதான் ஐவி (2017): அவன் உண்மையில என்ன தெரிஞ்சு, என்ன நம்பி செஞ்சான்னு கண்டுபிடிச்சு, அதை வச்சு சாதாரண நேர்மையான மனுஷங்க அளவுகோல்ல பாக்கணும். தான் செய்றதை மத்தவங்க தப்புன்னு நினைப்பாங்கன்னு அவனுக்கே தெரியணும்ங்கிற பழைய கோஷ் டெஸ்ட் இப்ப கிடையாது, 2020ல பார்ட்டன் அண்ட் பூத் கேஸ்ல அப்பீல் கோர்ட் கிரிமினல் கேஸுக்கும் ஐவிதான்னு உறுதி பண்ணிடுச்சு.

இப்ப பையனுக்கு வருவோம். முதலாளி முன்னாடி இதே மாதிரி எடுக்க விட்டிருந்தா, இப்பவும் ஒண்ணும் சொல்ல மாட்டார்னு அவன் நம்பியிருந்தா தப்பிச்சுடுவான். "கல்லால கை வைக்கக்கூடாது"ன்னு கண்டிப்பா சொல்லியிருந்தா கஷ்டம், திருப்பித் தர்ற எண்ணம் மட்டும் காப்பாத்தாது. ஜூரிக்கு விடவேண்டிய இடம் இது, ரெண்டு பக்கமும் எழுதி எது வலுவா இருக்குன்னு சொல்லுங்க. தீர்ப்பு அவனுக்கு எதிரா போனா அதிகபட்ச தண்டனை 7 வருஷம்.